சொல்மேகமா, பட்டியலா, உட்கார்ந்து படிப்பதா: அலுவலக எழுத்தை அலச எது உதவும்?

ஊழியர் கருத்துக்கணிப்பில் வந்த 400 பதில்கள் எக்செல் கோப்பில் காத்திருக்கின்றன. வார இறுதிக்குள் அவற்றில் என்ன இருக்கிறது என்று நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். இன்னொருவரிடம் ஒரு காலாண்டின் புகார் டிக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. வேறொருவருக்குத் தன் சொந்த அறிக்கைகளை எடுத்து, எந்தச் சொல்லை அளவுக்கு மீறி எழுதுகிறோம் என்று பார்க்க ஆசை. மூவரும் கேட்பது ஒரே கேள்வி: "வேர்ட் கிளவுட் போட்டால் போதுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்மேகத்தை (அதாவது வேர்ட் கிளவுட்: அடிக்கடி வரும் சொற்களைப் பெரிய எழுத்தில் காட்டும் படம்) பார்த்துக் கேள்வி கேட்கலாம்; அதிலிருந்து பதிலை எடுக்கக் கூடாது. எடுக்கப்போகும் முடிவு யாருடைய வேலையையோ ஊதியத்தையோ தொடும் என்றால், கூடவே இன்னொரு முறை கட்டாயம் வேண்டும். அந்த இன்னொன்று எது என்பதைத்தான் கீழே எடைபோடுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், உங்கள் கேள்வி. "எதைப் பற்றிப் பேசுகிறார்கள்?" என்பது ஒரு கேள்வி. "போன ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் என்ன மாறியிருக்கிறது?" என்பது வேறு. "ஏன் இப்படிச் சொல்கிறார்கள்?" என்பது முற்றிலும் வேறு. பெரும்பாலான குழப்பம், மூன்றாவது கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு முதல் கேள்விக்கான கருவியை எடுப்பதால்தான் வருகிறது.

அடுத்தது அளவு: படித்து முடிக்கக்கூடிய குவியலா, முடியாததா? மூன்றாவது, சூழல் தங்குகிறதா? "ஆதரவு கிடைத்தது", "ஆதரவு கிடைக்கவே இல்லை" இரண்டையும் அந்த முறை பிரித்துக் காட்டுமா? நான்காவது, சரிபார்ப்பு: யாராவது "இதை எங்கே கண்டீர்கள்?" என்று கேட்டால் மூல வரியைக் காட்ட முடிய வேண்டும். ஐந்தாவது, தமிழைத் தாங்குமா? கடைசியாக ரகசியம்: இந்த எழுத்து அலுவலகத்தை விட்டு வெளியே போகலாமா?

## எந்த முறைக்கும் முன்னால் ஒரு வேலை

மின்னஞ்சல்களை அப்படியே அள்ளிப் போட்டால், எண்ணப்படுவது நீங்கள் நினைப்பது அல்ல. ஒவ்வொரு பதிலுக்கும் கீழே பழைய கடிதம் முழுதும் ஒட்டிக்கொண்டு வரும். பத்துப் பேர் பதில் போட்ட ஒரு தொடரில், முதல் கடிதத்தின் சொற்கள் பத்துத் தடவைக்கு மேல் எண்ணப்படும். கையொப்பத்தில் இருக்கும் பதவிப்பெயர், அடியில் வரும் சட்ட எச்சரிக்கை, "தங்கள் கவனத்திற்கு", "இணைப்பைக் காண்க" எல்லாமே உள்ளே வந்துவிடும். இவற்றை முதலில் வெட்ட வேண்டும்.

தமிழ்க் கோப்பானால் வேலை கூடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை கணினியின் கண்ணுக்கு வெறும் ஆங்கில எழுத்துகள். அவற்றை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். யூனிகோடிலேயே "ொ" என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. எண்ணும்போது ஒரே சொல் இரண்டாகிவிடும். "மேலாளர்", "மேனேஜர்", ஆங்கில எழுத்திலேயே அடித்த அதே சொல் என மூன்றும் ஒருவரைத்தான் குறிக்கின்றன. இவற்றை இணைக்கும் பட்டியலை நீங்கள்தான் தயாரிக்க வேண்டும். அதற்கு ஒரு பிற்பகல் போகும். பின்னால் வரும் எந்த முறையின் நேரக் கணக்கிலும் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## சொல்மேகம்

எழுத்தின் அளவால் எண்ணிக்கையைக் காட்டும் பழக்கம் இணையத்தோடு பிறந்ததல்ல. பாரிஸ் நகரை அங்கு வாழ்வோர் மனதில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம், 1976-இல் இடப்பெயர்களை அவை எத்தனை பேரால் சொல்லப்பட்டன என்பதற்கேற்பப் பெரிதும் சிறிதுமாக வரைபடத்தில் அச்சிட்டார். பிறகு ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தின் குறிச்சொற்கள் வழியாக அது பரவியது. 2008-இல் ஐபிஎம் ஊழியர் ஜொனாதன் ஃபைன்பெர்க் வெளியிட்ட வேர்டில் என்ற கருவி (அதே பெயரில் உள்ள சொல் விளையாட்டு அல்ல), எவரும் நொடியில் சொல்மேகம் செய்யலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தது.

அதன் பலம் வேகம். கணக்குத் தெரியாதவரும் பார்த்தவுடன் பேசத் தொடங்குவார். ஒரு கூட்டத்தில் திரையில் போட்டால், "'காத்திருப்பு' ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அதைச் செய்யலாம்.

பலவீனம் படத்திலேயே ஒளிந்திருக்கிறது. "ஒருங்கிணைப்பு", "ஊதியம்" இரண்டும் சரியாக 30 தடவை வந்தாலும், முன்னது நீளமானது என்பதால் அதிக இடத்தை அடைத்துக்கொண்டு முக்கியமானதாகத் தோன்றும். நிறத்துக்கும் இடத்துக்கும் பெரும்பாலும் எந்தப் பொருளும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் சொற்கள் எழுத்தில் சேர்ந்து வந்தவை என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். பைத்தான் நிரல்மொழியின் வேர்ட்கிளவுட் நூலகத்தில் (ஆயத்த நிரல் தொகுப்பில்) எழுத்தின் அளவுகூட எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இல்லை: இயல்பு அமைப்பில் எண்ணிக்கையும் தரவரிசையும் கலந்துதான் அளவைத் தீர்மானிக்கின்றன. "இது அதைவிட இரு மடங்கு" என்று அந்தப் படத்தைப் பார்த்து யாரும் சொல்லக் கூடாது.

இன்னொரு சிக்கல், எண்ணப்படுவது சொற்கள், ஆட்கள் அல்ல. ஒருவர் தன் நீண்ட பதிலில் "பணிநேரம்" என்று 15 தடவை எழுதினால், தலா ஒருமுறை எழுதிய 14 பேரை அவர் தனியாகவே முந்திவிடுவார். அதனால் சொல் எத்தனை தடவை வந்தது என்பதை விட்டுவிட்டு, எத்தனை பதில்களில் வந்தது என்று எண்ணி, அந்த எண்ணைக் கருவிக்குக் கொடுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் சொல்மேகத்தின் நேர்மை பாதிக்கு மேல் மீண்டுவிடும் என்பேன்.

தமிழில் இது எப்படி உடைகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மேலே சொன்ன பைத்தான் நூலகமும், சைக்கிட்-லேர்ன் என்ற பரவலான நூலகமும், இயல்பு அமைப்பில் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே கருதுவதில்லை. அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடுகின்றன. சைக்கிட்-லேர்ன் ஓரெழுத்துத் துண்டுகளையும் தள்ளிவிடுகிறது. விளைவு: "ஊதியம்" என்ற சொல் "ஊத", "யம" என்று இரண்டு துண்டாகும். "மேலாளர்" என்பதில் "ளர" மட்டும் மிஞ்சும். "வேலை" என்ற சொல்லோ சுவடே இல்லாமல் மறைந்துவிடும். ஊழியர் கருத்துக்கணிப்பில் "வேலை" காணாமல் போன படம் எதற்கு உதவும்? சொற்களை இடைவெளியிலும் நிறுத்தற்குறியிலும் மட்டும் வெட்டும்படி அமைப்பை மாற்ற வேண்டும். தமிழ் எழுத்துரு ஒன்றையும் கொடுக்க வேண்டும், இல்லையேல் வெறும் கட்டங்கள்தான் வரும். எழுத்துகளைக் கோத்து வரையும் வசதி கணினியில் இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஆயத்தமாக வரும் விலக்குச்சொல் பட்டியல் (எண்ணாமல் விட வேண்டிய சொற்கள்) ஆங்கிலத்துக்கானது. "என்று", "ஒரு", "இந்த", "மற்றும்" போன்றவற்றை நீங்களே சேர்க்க வேண்டும்.

வேற்றுமை உருபுகள் வேறு. "வேலையை", "வேலையில்", "வேலைக்கு", "வேலையால்" நான்கும் நான்கு சொற்களாகச் சிதறும். 40 தடவை வந்த கருத்து, பத்துப் பத்தாகப் பிரிந்து, 25 தடவை வந்த உருபேற்காத சொல்லுக்குப் பின்னால் போய்விடும். அடிச்சொல்லாகத் திரட்டாமல் தமிழ்ச் சொல்மேகத்தை நம்ப வேண்டாம்.

எப்போது இதுவே நல்லது: உங்கள் சொந்த எழுத்தைச் சோதிக்கும்போது. சூழல் உங்கள் தலைக்குள் இருக்கிறது. "நடவடிக்கை" பெரிதாக வந்தால் எங்கெல்லாம் எழுதினீர்கள் என்று உங்களுக்கே தெரியும். கூட்டத்தில் உரையாடலைத் தொடங்கி வைக்கவும் இது போதும்.

## எண்ணிக்கைப் பட்டியலும் பட்டை வரைபடமும்

சொல்மேகத்தின் உள்ளே இருப்பதும் இதே தரவுதான். ஆனால் 20 சொற்களை வரிசைப்படுத்தி, பக்கத்தில் பட்டையும் எண்ணும் போட்டால் கண் தவறுவது குறையும். மனிதர்கள் பரப்பளவை ஒப்பிடுவதைவிட நீளத்தையும், ஒரே அளவுகோலில் உள்ள இடத்தையும் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள் என்று வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கில்லும் 1984-இல் சோதனைகள் மூலம் காட்டினார்கள். சொல்மேகத்துக்குப் பதிலாகப் பட்டை வரைபடம் போடச் சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. செய்ய ஆகும் நேரமும் ஒன்றே.

பட்டியலைப் படிக்கும்போது உச்சியிலேயே நின்றுவிடாதீர்கள். 1958-இல் கட்டுரைகளுக்குத் தானியங்கிச் சுருக்கம் எழுத முயன்ற ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன், மிக அடிக்கடி வரும் சொற்களும் மிக அரிதானவையும் பொருளைச் சுமப்பதில்லை, நடுவில் இருப்பவையே சுமக்கின்றன என்ற எண்ணத்தில்தான் தன் முறையைக் கட்டினார். அலுவலக எழுத்துக்கும் அது பொருந்துகிறது. உச்சியில் "பணி", "குழு", "திட்டம்" இருக்கும். அவை எந்த அலுவலகத்திலும் இருக்கும். 15-ஆம், 30-ஆம் இடங்களில் வரும் "மறுபடியும்", "தாமதம்", "தெரிவிக்கவில்லை" போன்றவைதான் இந்த அலுவலகத்தின் கதையைச் சொல்லும்.

மறைமுகச் செலவு: சூழல் இங்கும் இல்லை. பார்க்கச் சுவையும் இல்லை. கூட்டத்தில் இருப்பவர்கள் சொல்மேகத்தைப் பார்த்த ஆர்வத்தோடு பட்டையைப் பார்க்கமாட்டார்கள்.

## இரண்டு குவியல்களை ஒப்பிடுவது

போன ஆண்டுப் பதில்களுக்கு எதிராக இந்த ஆண்டுப் பதில்கள். ஒரு துறைக்கு எதிராக மற்றொரு துறை. எந்தச் சொல் ஒன்றில் வழக்கத்துக்கு மாறாக அதிகம் என்று கணக்கிடுவது இந்த முறை. ஒரு சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறதோ அதற்கேற்ப அதன் எடையைக் குறைக்கலாம் என்று கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் முன்வைத்த கருத்திலிருந்துதான் சொற்களுக்கு எடைபோடும் இன்றைய டிஎஃப்-ஐடிஎஃப் கணக்கு வளர்ந்தது. டெட் டன்னிங் 1993-இல் எழுதிய லாக்-லைக்லிஹுட் என்ற புள்ளியியல் கணக்கு, சிறிய எண்ணிக்கைகளையும் ஓரளவு நியாயமாகக் கையாளும்.

சொல்மேகத்தால் ஒருபோதும் முடியாத ஒன்றை இது செய்கிறது: இல்லாததைக் காட்டுகிறது. போன ஆண்டு "பயிற்சி" நிறையப் பேர் எழுதினார்கள், இந்த ஆண்டு அந்தச் சொல்லே இல்லை என்றால், அது ஒரு செய்தி. பயிற்சி போதுமானதாகிவிட்டதா, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்களா என்று போய் விசாரிக்க வேண்டும்.

வேலைவாய்ப்பு விளம்பரங்களின் சொற்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. டேனியல் காஷர், ஜஸ்டின் ஃபிரீசன், ஆரன் கே ஆகியோர் 2011-இல் வெளியிட்டது. ஆண்கள் மிகுந்த துறைகளின் விளம்பரங்களில் தலைமை, போட்டி, ஆதிக்கம் சார்ந்த சொற்கள் அதிகம் இருந்தன. அத்தகைய சொற்கள் நிறைந்த விளம்பரங்கள் பெண்களுக்கு ஈர்ப்புக் குறைவாகத் தோன்றின. ஒரு துறையின் விளம்பரங்களை மட்டும் சொல்மேகமாகப் போட்டிருந்தால் அது வெறும் வேலை விவரமாகத்தான் தெரிந்திருக்கும். பக்கத்தில் இன்னொரு குவியல் இருந்ததால்தான் வேறுபாடு கண்ணில் பட்டது. உங்கள் நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கைகளில் பாரபட்சம் இருக்கிறதா என்று தேடுவதானால் இந்த முறையில்தான் தொடங்க வேண்டும்.

மறைமுகச் செலவு: ஒப்பிடத்தக்க இரண்டாவது குவியல் வேண்டும். கேள்வித்தாளின் வாசகத்தை நடுவில் மாற்றியிருந்தால் ஒப்பீடு கெட்டுவிடும், ஏனென்றால் மக்கள் கேள்வியில் இருக்கும் சொல்லையே பதிலிலும் எழுதுவார்கள்.

## சொல்லை அதன் வரியோடு பார்ப்பது

என் விருப்பம் இதுதான், மறைக்கவில்லை. தேடும் சொல் நடுவில் நிற்கும். இருபுறமும் அது வந்த வரியின் சில சொற்கள் இருக்கும். கணினியில் இப்படி அடுக்கும் முறையைப் பரப்பியவரும் மேலே சொன்ன லூன்தான். நான் எழுதிக் காட்டும் மாதிரி இது:

> புதிதாகச் சேர்ந்தபோது குழுவினர் தந்த ஆதரவு மறக்க முடியாதது
> மேலிடத்தின் ஆதரவு இருக்கிறது என்று சொல்கிறார்கள், ஆனால் நேரம் ஒதுக்குவதில்லை
> ஆதரவு கேட்டால் "நீங்களே பாருங்கள்" என்ற பதில்தான்
> இரவுப் பணியில் தொழில்நுட்ப ஆதரவு கிடைப்பதே இல்லை

சொல்மேகம் இந்த நான்கையும் ஒரே பெரிய "ஆதரவு" ஆக்கி, நடுவில் பச்சை நிறத்தில் போட்டிருக்கும். பார்ப்பவர் "நம் நிறுவனத்தில் ஆதரவு நன்றாக இருக்கிறது" என்று மகிழ்ந்திருப்பார். வரியோடு பார்த்தால் மூன்று முறையீடு, ஒரு நன்றி. அந்த மூன்றிலும் ஒன்று கணினிப் பிரிவைப் பற்றியது, இரண்டு மேலாளர்களைப் பற்றியது. வேறு வேறு ஆட்கள் தீர்க்க வேண்டிய சிக்கல்கள்.

வசேடா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஆந்தணி இதற்காக உருவாக்கிய ஆன்ட்கான்க் என்ற மென்பொருள் இலவசம். உங்கள் கணினியிலேயே ஓடுவதால் எழுத்து வெளியே போகாது. டோக்கன் வரையறையில் (எவையெல்லாம் சேர்ந்து ஒரு சொல் என்று கருவிக்குச் சொல்லும் அமைப்பில்) உயிர்மெய்க் குறிகளும் சேர்ந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெஃபான் சின்கிளேர், ஜெஃப்ரி ராக்வெல் உருவாக்கிய வோயன்ட் டூல்ஸ் உலாவியில் திறக்கும். ஒரே திரையில் சொல்மேகமும் வரிகளும் அருகருகே இருப்பதால், பெரிதாகத் தெரியும் சொல்லைச் சொடுக்கி அதன் வரிகளுக்குப் போகலாம். அதைக் கணினியில் இறக்கியும் பயன்படுத்தலாம். அலுவலக எழுத்துக்கு அப்படித்தான் பயன்படுத்த வேண்டும்.

மறைமுகச் செலவு: எந்தச் சொல்லைத் தேடுவது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் முந்தைய முறைகளில் ஒன்று அதைக் காட்டித் தர வேண்டும்.

## முழுதும் படித்துக் குறியிடுவது

பதில்கள் 200-க்குள் இருந்தால் கருவியைத் தேடாதீர்கள், படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் "ஊதியம்", "மேலாளர் நடத்தை", "பணிநேரம்" என்று ஒரு குறி போடுங்கள், தேவைப்பட்டால் இரண்டு. கேலி, தயக்கம், சொல்லாமல் விட்டது எல்லாம் இதில் மட்டும்தான் சிக்கும். "எல்லாம் பிரமாதம்" என்று எழுதியவர் மனதார எழுதினாரா என்று அவருடைய மீதிப் பதிலைப் படித்தால்தான் தெரியும்.

ஒருவர் மட்டும் குறியிட்டால் அவருடைய சாய்வும் சேர்ந்து வரும். ஒரு பகுதியையாவது இருவர் தனித்தனியாகக் குறியிட்டு ஒத்துப்பார்க்க வேண்டும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு ஒற்றுமையை அளக்க, ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த கப்பா அளவீடு இன்றும் பயன்படுகிறது. நேரச் செலவு இதில்தான் அதிகம். கடுமையான பதில்களைத் தொடர்ந்து படிப்பவரின் மனச்சோர்வையும் செலவில் சேர்க்க வேண்டும், வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

## செயற்கை நுண்ணறிவிடம் கொடுப்பது

பெரிய மொழி மாதிரிகள் உருபேற்ற தமிழையும், தமிழும் ஆங்கிலமும் கலந்த வரிகளையும், எதிர்மறையையும் எண்ணும் கருவிகளைவிட நன்றாகப் புரிந்துகொள்கின்றன. தலைப்புகளாகப் பிரித்துத் தரச் சொன்னால் நிமிடங்களில் தரும். ஆனால் "எத்தனை பேர்?" என்று கேட்டால் வரும் எண்ணை நம்பக் கூடாது, எண்ணும் வேலையைத் தனியாகச் செய்யுங்கள். மேற்கோளாகத் தரும் வரி மூலக் கோப்பில் உண்மையில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். மூன்றே பேர் சொன்ன, ஆனால் பாதுகாப்பு சார்ந்த முறையீடு, "வேறு சில கருத்துகள்" என்ற வரியில் கரைந்துவிடும் அபாயம் உண்டு. பதில்களை வெளிச் சேவைக்கு அனுப்ப நிறுவனம் ஒப்புக்கொள்கிறதா என்பது எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி.

## ஒரே பார்வையில்

| முறை | எந்தக் கேள்விக்கு | சூழல் | மூல வரியைக் காட்டலாமா | தமிழில் கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| சொல்மேகம் | என்ன பேசுகிறார்கள் | இல்லை | இல்லை | சொல் உடைதல், எழுத்துரு, உருபுகள் |
| பட்டை வரைபடம் | எது எவ்வளவு | இல்லை | இல்லை | சொல் உடைதல், உருபுகள் |
| குவியல் ஒப்பீடு | என்ன மாறியது | குறைவு | ஓரளவு | இரண்டையும் ஒரேபோல் துப்புரவு செய்தல் |
| வரியோடு பார்ப்பது | இந்தச் சொல் எப்படி வருகிறது | உண்டு | ஆம் | அடிச்சொல்லின் முற்பகுதியைத் தேடுதல் |
| படித்துக் குறியிடுவது | ஏன் சொல்கிறார்கள் | முழுதும் | ஆம் | ஒன்றுமில்லை |
| செயற்கை நுண்ணறிவு | என்ன, ஏன் | பெரும்பாலும் | சரிபார்த்த பிறகு | மேற்கோளைச் சரிபார்த்தல் |

## உங்கள் நிலையில் எது

400 ஊழியர் பதில்கள், வார இறுதிக் கெடு. பதில் எண்ணிக்கை அடிப்படையில் பட்டியல் போடுங்கள். நடுவில் இருக்கும் பத்துச் சொற்களை எடுத்து வரியோடு பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு 50 பதில்களை எடுத்து முழுதும் படியுங்கள்; பட்டியல் காட்டாத ஏதாவது அதில் தலைகாட்டினால் அதையும் அறிக்கையில் சேருங்கள்.

ஆயிரக்கணக்கான புகார் டிக்கெட்டுகள். மாதத்துக்கு மாதம் ஒப்பீடு. திடீரென எழும் சொல்லை மட்டும் வரியோடு பாருங்கள். சொல்மேகம் இங்கே நேரத்தை வீணாக்கும். ஒவ்வொரு மாதமும் ஒரே படம்தான் வரும்.

உங்கள் சொந்த அறிக்கைகள். சொல்மேகமே போதும், தயங்க வேண்டாம்.

பத்துப் பேருக்கும் குறைவான குழு. எதையும் எண்ணாதீர்கள். ஒரு சொல்லை வைத்தே எழுதியவர் யார் என்று மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர் சொல்லாமல் எழுதலாம் என்று நம்பிக்கை கொடுத்துப் பெற்ற பதில் அது. பொறுப்பான ஒருவர் படித்து, தன் சொந்த வாசகத்தில் சாரத்தை எழுதட்டும்.

நிர்வாகம் சொல்மேகம்தான் வேண்டும் என்கிறது. கொடுங்கள். படத்துக்குக் கீழே எத்தனை பதில்கள், எண்ணியது சொற்களையா பதில்களையா, எந்தச் சொற்களை விலக்கினீர்கள் என்று எழுதுங்கள். அதிகம் பெரிதாகத் தெரியும் மூன்று சொற்களுக்கும் ஒவ்வொன்றுக்கு இரண்டு வரிகளை, எழுதியவர் அடையாளம் தெரியாதபடி, அதே பக்கத்திலேயே போடுங்கள். அடுத்த பக்கத்தில் போட்டால் யாரும் திருப்பிப் பார்க்கமாட்டார்கள்.